பின் டயரைத் தின்னும் எஸ்டேட் கார்கள்: எதை வாங்கினால் எவ்வளவு ஓடும்?

பிரிட்டனில் பழைய மெர்சிடீஸ் ஏஎம்ஜி (மெர்சிடீஸின் அதிவேகக் கார் பிரிவு) எஸ்டேட் கார் ஒன்றுக்கு விலை பேசிப் பாருங்கள். எஞ்சின், சர்வீஸ் பற்றி நீங்கள் வாய் திறப்பதற்குள் "பின் டயர் ரெண்டும் புதுசு" என்று விற்பவர் சொல்லிவிடுவார். வாங்க வருபவரின் பயம் அவருக்குத் தெரியும். இந்த வண்டிகளில் பின் டயர் 6,000 மைலில் மொட்டையாகிவிடும் என்பார் ஒருவர். நான் 18,000 மைல் ஓட்டிவிட்டேன், இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது என்பார் இன்னொருவர். இருவருமே பொய் சொல்லவில்லை. ஆனால் இந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு எந்தக் காரை வாங்குவது என்று முடிவு செய்தால் கணக்கு தப்பிவிடும்.

எஸ்டேட் என்பது செடானின் கூரையைக் கடைசி வரை நீட்டி, டிக்கியைப் பெரிய அறையாக்கிய வண்டி. நாய், சைக்கிள், குழந்தை வண்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு குடும்பம் விடுமுறைக்குக் கிளம்புவதற்கென்றே செய்தது. அதற்குள் ரேஸ் காருக்கு உரிய எஞ்சினைத் திணிக்கும் பழக்கத்தை ஜெர்மானியர்கள் விடாமல் வைத்திருக்கிறார்கள். 1994இல் போர்ஷேயுடன் சேர்ந்து ஆடி உருவாக்கிய ஆர்எஸ்2 அவான்ட் (ஆடியின் மொழியில் எஸ்டேட்) 315 குதிரைத்திறன் கொண்டது. அன்றைக்கு அது பெரிய விஷயம். இன்று அந்த எண்ணைச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். (அதே ஆண்டில் வோல்வோ தன் 850 எஸ்டேட்டை பிரிட்டனின் டூரிங் கார் பந்தயத்திலேயே இறக்கியது. ஆனால் அது முன்சக்கரம் இழுக்கும் வண்டி. பின் டயரைப் பற்றிய கவலையே அதற்கு இல்லை.)

இப்போது பயன்படுத்திய கார் சந்தையில் ஒருவர் முன் நிற்கும் தேர்வுகள் பெரும்பாலும் மூன்று. முதலாவது, 2015இலிருந்து வந்த ஏஎம்ஜி சி63 எஸ் எஸ்டேட்: 4 லிட்டர் வி8, இரண்டு டர்போ, 510 குதிரைத்திறன், 700 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அத்தனையும் பின் சக்கரங்கள் இரண்டுக்கு மட்டுமே போகும். இரண்டாவது, ஆடி ஆர்எஸ்6 அவான்ட்: 2019இல் வந்த தலைமுறையில் 600 குதிரைத்திறன், 800 நியூட்டன் மீட்டர், நான்கு சக்கரத்துக்கும் இயக்கம். மூன்றாவது, பிஎம்டபிள்யூ எம்3 டூரிங் (பிஎம்டபிள்யூ எஸ்டேட்டை இப்படி அழைக்கிறது): 2022இல் வந்தது, சி63 எஸ்ஸின் அதே 510 குதிரைத்திறன், 650 நியூட்டன் மீட்டர், இதுவும் நான்கு சக்கர இயக்கம்தான். ஆனால் விரும்பினால் பின் சக்கரத்துக்கு மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஏஎம்ஜி இ63 பற்றி ஒரு வார்த்தை. அதன் பழைய தலைமுறையில் நான்கு சக்கர இயக்கம் இடது கை ஸ்டியரிங் வண்டிகளுக்கு மட்டுமே கிடைத்தது. அதனால் பிரிட்டனில் விற்ற 585 குதிரைத்திறன் இ63 எஸ் எஸ்டேட் முழுக்க முழுக்கப் பின்சக்கர இயக்கம். அதற்கு அடுத்த தலைமுறை 612 குதிரைத்திறன், நான்கு சக்கரம். பெயர் ஒன்றாக இருந்தாலும் டயர் விஷயத்தில் இவை இரண்டும் வேறு வேறு வண்டிகள். விளம்பரத்தில் இ63 என்று பார்த்ததும் ஆண்டைக் கவனியுங்கள்.

பின் டயர் ஏன் இப்படிக் கரைகிறது என்பதைப் பார்ப்போம். 700 நியூட்டன் மீட்டர் என்பது எஞ்சின் தருவது. முதல் கியரும் டிஃபரன்ஷியலும் சேர்ந்து அதைப் பத்து மடங்குக்கு மேல் பெருக்கித்தான் சக்கரத்துக்கு அனுப்புகின்றன. டயரின் ஆரத்தால் வகுத்தால், சாலையைப் பின்னுக்குத் தள்ள முயலும் விசை 2 டன் எடைக்குச் சமமாகிறது. பின் அச்சின் மேல் இருக்கும் எடையோ 1 டன் கூட இல்லை. நல்ல டயர் தன் மேல் இருக்கும் எடை அளவுக்குத்தான் ஏறக்குறைய பிடிக்க முடியும். ஆகவே முழு ஆக்சிலரேட்டர் மிதித்தால் மிச்ச விசை ரப்பரைத் தேய்ப்பதில்தான் போக வேண்டும், அல்லது கம்ப்யூட்டர் எஞ்சினை அடக்க வேண்டும். சக்கரம் வழுக்குவதைக் காட்டும் மஞ்சள் விளக்கு டேஷ்போர்டில் மினுக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் டயர் சாலையில் போகிறது. சி63 செடானிலும் எஸ்டேட்டிலும் பின் டயரின் அகலம் 265 மில்லிமீட்டர்தான்; பழைய இ63இல் 285. இவ்வளவு சக்திக்கு 265 குறைவு என்பது என் எண்ணம்.

ஓட்டும் இடமும் பாதி கதையைத் தீர்மானிக்கிறது. எம்1 மோட்டார்வேயில் 70 மைல் வேகத்தில் நேராகப் போய் வருபவருக்கும், ரவுண்டானாவுக்குப் பேர்போன மில்டன் கீன்ஸில் தினமும் ஓட்டுபவருக்கும் ஒரே வண்டியில் டயர் ஆயுள் இரண்டு மடங்கு வேறுபடலாம். ரவுண்டானாவை விட்டு வெளியேறும்போது ஸ்டியரிங் இன்னும் திரும்பியிருக்கிறது, கால் ஆக்சிலரேட்டரில் அழுந்துகிறது. டயர் பக்கவாட்டிலும் பின்பக்கமும் ஒரே நேரத்தில் இழுபடும் அந்த நொடிகளில்தான் தேய்மானம் அதிகம்.

சரி, எண்களுக்கு வருவோம். பின்சக்கர இயக்க ஏஎம்ஜியை நிதானமாக, ஆனால் அவ்வப்போது ஆசையோடு ஓட்டினால் பின் டயர் 8,000 முதல் 12,000 மைல் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. முன் டயர் அதைப்போல இரண்டு மடங்கு போகும். எம்3 டூரிங்கில் பின் டயர் சற்றுக் கூடுதல், 12,000 முதல் 15,000 வரை. ஆர்எஸ்6இல் நான்கும் சேர்ந்து 15,000 முதல் 20,000. கால் கனமாக இருந்தால் எல்லாவற்றையும் பாதியாக்கிக் கொள்ளுங்கள்.

இதில் டயர் கம்பெனிகளே ஒரு சாட்சி சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவில் மிஷ்லின் தன் பைலட் ஸ்போர்ட் 4எஸ் டயருக்கு 30,000 மைல் தேய்மான வாரன்டி தருகிறது. ஆனால் முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு டயர் போட்ட வண்டி என்றால் பின் டயருக்கு அதில் பாதிதான். டயரை முன்னும் பின்னும் மாற்றிப் போட வழியில்லாத வண்டியில் பின் டயர் பாதி ஆயுளில் போய்விடும் என்று தயாரித்தவரே எழுதிக் கொடுத்த மாதிரி இது.

இந்த இடத்தில்தான் ஆர்எஸ்6 மற்ற இரண்டிலிருந்து பிரிகிறது. அதில் நான்கு டயரும் ஒரே அளவு: 21 அங்குலத்தில் 275/35, அல்லது 22 அங்குலத்தில் 285/30 (முதல் எண்தான் அகலம்). 5,000 மைலுக்கு ஒருமுறை முன்னதைப் பின்னும் பின்னதை முன்னும் மாற்றினால் நான்கும் சமமாகத் தேயும். சி63 எஸ்ஸில் முன்பக்கம் 245, பின்பக்கம் 265. எம்3 டூரிங்கில் ரிம் அளவே வேறு; முன்னே 19 அங்குலம், பின்னே 20. முன் பின் மாற்றும் பேச்சே கிடையாது.

இடது வலது மாற்றலாமே என்று கேட்பீர்கள். மாற்றலாம், ஆனால் பலன் குறைவு. இந்த வண்டிகளுக்கு வரும் டயர்களில் பெரும்பாலானவற்றில் பக்கச்சுவரில் 'வெளிப்பக்கம்' என்று அச்சிட்டிருக்கும். இடதை வலதில் போட்டாலும் உள்பக்கம் உள்பக்கமாகவே இருக்கும். அது ஏன் பெரிய விஷயம் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வண்டிகளின் டயர் எதிர்பார்த்த மைலுக்கும் முன்பே சாகும் உண்மையான காரணம் பெரும்பாலும் எஞ்சின் சக்தி இல்லை, உள்விளிம்புதான்.

வளைவில் பிடிமானத்துக்காகப் பின் சக்கரங்களின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கும்படி அமைக்கிறார்கள். நேராகப் போகும்போது எடை டயரின் உள்விளிம்பில் கூடுதலாக விழுகிறது. அத்துடன் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) கொஞ்சம் விலகியிருந்தால், சக்கரம் ஒவ்வொரு மைலிலும் சில அடி பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே போகிறது. வண்டியின் பின்னால் நின்று பார்த்தால் டயர் நன்றாகத்தான் தெரியும். வெளிப்பக்கம் டயர் வரிகளுக்கு நடுவே 4 மில்லிமீட்டர் பள்ளம் இருக்கும். குனிந்து, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு உள்விளிம்பைத் தடவிப் பாருங்கள். பள்ளமே விரலுக்குத் தட்டுப்படாது. வழவழப்பாக இருக்க வேண்டிய இடம் ஒரு திசையில் தடவினால் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் அரம் போலவும் இருந்தால் அலைன்மென்ட் போயிற்று என்று அர்த்தம். இன்னும் தாமதித்தால் கம்பி தெரியும். 10,000 மைல் போயிருக்க வேண்டிய டயர் 6,000இல் தூக்கி எறியப்படுவது இப்படித்தான். பழி எஞ்சின் மேல் போகிறது. நான்கு சக்கர அலைன்மென்ட் செலவு இந்த அளவு டயர் ஒன்றின் விலையை எட்டாது.

எஸ்டேட்டுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. டிக்கி நிறையச் சாமான் ஏற்றினால் பின்பக்கம் தாழும், தாழ்ந்தால் சக்கரம் இன்னும் உள்ளே சாயும். பின்பக்கம் காற்று சஸ்பென்ஷன் உள்ள இ63 எஸ்டேட் தன் உயரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். சாதாரண ஸ்பிரிங் உள்ள வண்டிக்கு அந்த வசதி இல்லை. அப்புறம் காற்றழுத்தம். பெட்ரோல் மூடியின் உள்பக்கமோ கதவுத் தூணிலோ ஒட்டியிருக்கும் சீட்டில் இரண்டு வரிசை எண்கள் இருக்கும், குறைந்த சுமைக்கு ஒன்று, முழுச் சுமைக்கு ஒன்று. குடும்பத்தோடு ஸ்காட்லாந்து போகிறவர்களில் எத்தனை பேர் கிளம்புமுன் அந்த இரண்டாவது வரிசைக்குக் காற்று ஏற்றுகிறார்கள்? குறைந்த காற்றில் முழுச் சுமையோடு ஓடும் டயர் இரண்டு விளிம்பிலும் தேய்ந்து, சூடாகி, வேகமாகக் கரையும்.

எப்போது மாற்றுவது என்பதும் ஆயுள் கணக்கில் சேரும். பிரிட்டனில் சட்டப்படி பள்ளத்தின் ஆழம் குறைந்தபட்சம் 1.6 மில்லிமீட்டர். மீறினால் ஒரு டயருக்கு 2,500 பவுண்டு வரை அபராதமும் லைசென்ஸில் 3 புள்ளியும். புதிய ஸ்போர்ட்ஸ் டயரில் பள்ளம் சுமார் 7.5 மில்லிமீட்டர் என்றால் தேய்க்கக் கிடைப்பது 6 மில்லிமீட்டர் மட்டுமே. ஆனால் 285 அகல டயர், மழைத் தண்ணீரில் 2 மில்லிமீட்டர் பள்ளத்தோடு மிதக்கத் தொடங்கிவிடும். 3 மில்லிமீட்டரில் மாற்றுவதே புத்திசாலித்தனம். அப்படிச் செய்தால் ஆயுளில் கால் பங்கு போகும். அளக்கக் கருவி வேண்டாம். பிரிட்டனில் 20 பென்ஸ் காசைப் பள்ளத்தில் செருகி, அதன் வெளிவரம்பு வெளியே தெரிகிறதா என்று பார்ப்பார்கள். ஜெர்மனியில் 1 யூரோ காசின் தங்க நிற விளிம்பு, அது சரியாக 3 மில்லிமீட்டர்.

இனி பணக் கணக்கு. விலை கடைக்குக் கடை மாறும். கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். சி63இல் பின் டயர் ஒன்று 220 பவுண்டு, முன் டயர் 190. 20,000 மைலுக்குள் பின்பக்கம் இரண்டு ஜோடி, முன்பக்கம் ஒரு ஜோடி. மொத்தம் 1,260 பவுண்டு. ஆர்எஸ்6இல் 22 அங்குல டயர் ஒன்று 330 என்று வைத்தால், அதே தூரத்துக்கு நான்கு டயர், 1,320 பவுண்டு. அதாவது "டயர் தின்னும்" பின்சக்கர வண்டியும் "டயர் தாங்கும்" நான்குசக்கர வண்டியும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ஆர்எஸ்6 உண்ணும் ரப்பர் நான்கு மூலையிலும் பரவியிருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். 2 டன்னுக்கு மேற்பட்ட எடையும், முன் அச்சுக்கு முன்னே தொங்கும் வி8 எஞ்சினும் முன் டயரைச் சும்மா விடாது.

ஆனால் அதே ஆர்எஸ்6 21 அங்குல ரிம்மில் இருந்தால் டயர் ஒன்று 280 பக்கம் வரும், மொத்தம் 1,120. 22 அங்குலம் படத்தில் அழகாக இருக்கும். குண்டும் குழியுமான பிரிட்டிஷ் சாலையில் ரிம் விரிசல் விட்டு, டயர் பக்கச்சுவர் வீங்கி, தேய்வதற்கு முன்பே டயரை மாற்ற நேர்வதும் 22இல்தான் அதிகம். எனக்குக் கேட்டால் 21 போட்ட வண்டியாகத் தேடுவேன்.

எல்லாவற்றையும் எரிபொருளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சற்று நிம்மதி வரும். மைலுக்கு டயர் செலவு 6 பென்ஸ் சொச்சம். காலனுக்கு 20 மைல் தரும் வி8க்கு, லிட்டர் 1.40 பவுண்டு விலையில், பெட்ரோல் மைலுக்கு 32 பென்ஸ். ஐந்தில் ஒரு பங்கு செலவை நினைத்துத்தான் ஆட்கள் தூக்கம் கெடுகிறார்கள்.

நான்கு சக்கர இயக்கத்தில் வேறொரு செலவு ஒளிந்திருக்கிறது. பாதி தேய்ந்த நிலையில் ஒரு டயர் மட்டும் பஞ்சராகி, ஒட்ட முடியாமல் போனால் என்ன செய்வது? சி63இல் ஜோடியாக இரண்டு மாற்றினால் முடிந்தது. பிஎம்டபிள்யூவின் எக்ஸ்டிரைவ், மெர்சிடீஸின் 4மேட்டிக் பிளஸ் என்ற நான்கு சக்கர இயக்க அமைப்புகள் முன் அச்சுக்குச் சக்தி அனுப்பக் கிளட்ச் வைத்திருக்கின்றன. முன்னும் பின்னும் டயரின் சுற்றளவு பொருந்தாவிட்டால் அந்தக் கிளட்ச் ஓயாமல் உழைத்து, சூடாகி, கடைசியில் சக்தியை முன்னும் பின்னும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸே செலவு வைக்கும். பள்ளத்தில் 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் விடாதீர்கள் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதனால்தான். ஒரு ஆணி சில சமயம் நான்கு டயரைக் கேட்கும். இவற்றில் ஸ்டெப்னியும் கிடையாது, பஞ்சரை அடைக்கும் நுரை டப்பாதான்.

எந்த டயர் போடுவது? பக்கச்சுவரில் டிரெட்வேர் என்று ஒரு எண் இருக்கும். பைலட் ஸ்போர்ட் 4எஸ்ஸில் 300. மிஷ்லினின் நான்கு பருவ டயரான கிராஸ்கிளைமேட் 2க்கு அமெரிக்கச் சந்தையில் 640. எண் கூடினால் ஆயுள் கூடும், ஆனால் சோதனையைக் கம்பெனியே செய்துகொள்வதால் ஒரே கம்பெனியின் டயர்களுக்குள் ஒப்பிட மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். ஐரோப்பிய லேபிளில் ஈரச் சாலைப் பிடிமானமும் எரிபொருளும் சத்தமும் உண்டு, தேய்மானம் இல்லை. அதற்கு ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசியின் சோதனைகளைப் பார்க்கலாம். சாலையில் ஓட்டித் தேய்மானத்தை அளந்து மதிப்பெண்ணில் சேர்க்கிறார்கள். நான்கு பருவ டயரை 500 குதிரைத்திறன் வண்டியில் போட்டால் ஆயுள் நிச்சயம் கூடும். ஆனால் வெயில் காலத்தில் பிரேக் தூரமும் கூடும், இந்த அகலங்களில் எல்லா அளவும் கிடைக்காது, கிடைத்தாலும் 300 கிலோமீட்டர் வேகத்துக்கான ஒய் குறியீடு இருக்கிறதா பார்க்க வேண்டும். ஆயுளுக்காக மட்டும் நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். பேர் தெரியாத மலிவு டயர் வேண்டவே வேண்டாம். தேய்வது மெதுவாக இருக்கலாம், நிற்பதும் மெதுவாகத்தான் இருக்கும்.

இடையில் ஒரு நல்ல வழி உண்டு. ஜெர்மானியர்கள் அக்டோபரிலிருந்து ஈஸ்டர் வரை குளிர்கால டயர் என்பார்கள். சிறிய ரிம்மில் இரண்டாவது செட் வைத்துக்கொண்டால் ஆண்டில் பாதி மைலை அது சுமக்கும். குளிர்ந்த ஈரச் சாலையில் கோடை டயர் வழுக்கிச் சுழன்று தேய்வதும் நிற்கும். மொத்த ரப்பர் செலவு பெரிதாகக் குறையாது, ஆனால் விலை உயர்ந்த அந்த 20 அங்குல ஜோடி இரண்டு மடங்கு காலம் வரும்.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். டயர் செலவு மட்டுமே கவலை என்றால், 21 அங்குல ரிம்மோடு ஆர்எஸ்6. மனம் வி8இன் சத்தத்தில் இருக்கிறது, கொஞ்சம் சின்ன வண்டி போதும் என்றால் சி63ஐ பயப்படாமல் வாங்கலாம். பின் டயர் ஜோடியை ஆண்டுச் சந்தா மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். எம்3 டூரிங் ஓட்டுவதற்கு மூன்றிலும் சிறந்தது என்றாலும், ரப்பர் விஷயத்தில் இரண்டு உலகத்தின் சிரமமும் அதற்கு உண்டு: முன் பின் மாற்ற முடியாது, சுற்றளவும் பொருந்த வேண்டும்.

வாங்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். பிரிட்டனில் வண்டி எண்ணை அரசு தளத்தில் கொடுத்தால் அதன் எம்ஓடி (ஆண்டுதோறும் நடக்கும் கட்டாய வாகனத் தகுதிச் சோதனை) வரலாறு முழுவதும் இலவசமாக வரும். ஒவ்வொரு ஆண்டும் எத்தனை மைல், என்ன குறை என்று இருக்கும். "பின் இடது டயர் உள்விளிம்பில் தேய்ந்துள்ளது" என்ற குறிப்பு இரண்டு ஆண்டு தொடர்ந்து வந்திருந்தால் அந்த உரிமையாளர் அலைன்மென்ட்டே பார்க்கவில்லை. விலையைக் குறைத்துக் கேட்கலாம், அல்லது சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்களையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லலாம். 2024இல் வந்த பிஎம்டபிள்யூ எம்5 டூரிங்குக்கு மட்டும் இந்த வழி இன்னும் திறக்கவில்லை. 727 குதிரைத்திறன், 1,000 நியூட்டன் மீட்டர், ஏறத்தாழ 2.5 டன் எடை, பின்னே 295 அகல டயர். பிரிட்டனில் புதுக் காருக்கு முதல் எம்ஓடி மூன்றாம் ஆண்டில்தான். அதனால் அந்த வண்டியின் டயர் வரலாறு 2027 கடைசிக்கு முன்னால் எழுதப்படப் போவதில்லை.